தலை மட்டும் நுழையும் அறை

"மாட்டு டாக்டருக்கு ரெண்டு காது பத்தாதுடா. ஒண்ணு மாட்டுக்கு, ஒண்ணு மாட்டுக்காரனுக்கு, மூணாவது…"

முரளிதரன் முதன்முதலாக வேலையில் சேரக் கிளம்பிய அன்று பெரியப்பா ஆதிநாராயணன் இப்படி ஏதோ சொன்னார். மூன்றாவது காது யாருக்கு என்றும் சொன்னார். அதுதான் மறந்துபோயிற்று. பெரியப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டதால் மறுபடி கேட்க வழியில்லை. பல வருஷம் கழித்து அரசாங்கமே ஒரு சுற்றறிக்கை அனுப்பி அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது.

சுற்றறிக்கை ஹைதராபாத்தில் இங்கிலீஷில் பிறந்து, திருப்பதியில் தெலுங்காகி, பங்காருபாளையத்துக்கு அப்பால் தார் ரோடு முடிகிற ஊரில் இருந்த கால்நடை ஆஸ்பத்திரிக்கு வந்து, முரளிதரன் மனசுக்குள் தமிழானது. அதன் சாரம் இதுதான்: கால்நடை மருத்துவர் நோயைத் தீர்ப்பதோடு நின்றுவிடலாகாது. ஒவ்வொரு மருத்துவ ஆலோசனையின்போதும் விலங்கு நலனை ஊக்குவித்தல் வேண்டும். விலங்கின் உடல், உள்ளம், வாழிடம் ஆகியவை பற்றிக் கருணையோடு விசாரித்து, அதன் உரிமையாளருக்கு அறிவூட்டுதல் வேண்டும்.

படித்துவிட்டு முரளிதரன் சந்தோஷப்பட்டார். ஏனென்றால் அதில் ஒரு தப்பும் இல்லை. இத்தனை வருஷமாக அவர் செய்துகொண்டிருந்ததே அதுதான். ஒரு கையால் மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டே, "இன்னா நாகையா, கயிறு கழுத்தை அறுக்குதே, உனக்குக் கண்ணு தெரியலையா? தளர்த்திக் கட்டு" என்பார். "கன்னுக்குட்டிக்கு ஒரு காம்பு விடும்மா, உம் புள்ளைக்கு மட்டும்தான் பசிக்குமா?" என்பார். மாட்டுக்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டு போய்க் கயிற்றைத் தளர்த்துவார்கள். ஊசி போடுகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். காசு செலவில்லை.

அங்கேதான் கோளாறு. செலவே இல்லாத காரியத்தை அரசாங்கம் எப்படித் திட்டம் என்று ஒப்புக்கொள்ளும்?

எனவே திருப்பதியில் விலங்கு நல ஊக்குவிப்புக்கு என்று ஒரு சிறப்புப் பிரிவு உண்டானது. அதற்குச் சிறப்பு அதிகாரியாக கிரண்குமார் வந்தார். ஏதோ ஒரு குளிர்நாட்டில் சில வாரம் பயிற்சி எடுத்துத் திரும்பியவர். திரும்பியதிலிருந்து அவர் மாட்டை மாடு என்று சொல்வதில்லை. மாடு 'கிளையண்ட்'. மாட்டுக்காரர் 'கார்டியன்'. சாணத்துக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். அது யார் வாயிலும் நுழையாததால் சாணம் சாணமாகவே இருந்தது.

முரளிதரனின் ஆஸ்பத்திரியை மாதிரி மையமாகத் தேர்ந்தெடுத்ததும் கிரண்குமார்தான். "முரளிதரன் காரு, மொதல்ல ஒரு ரூம் கட்டணும். நலன்னா ஒரு எடம் வேணாமா? வெயில்ல நின்னுகினு கருணை காட்ட முடியுமா, மீரே சொல்லுங்க" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் பெரிய புங்கமரம் ஒன்று இருந்தது. அதன் அடியில் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி. மாடுகள் நிழலில் நின்று, தண்ணீர் குடித்து, தங்கள் முறை வரும்வரை அசைபோட்டுக்கொண்டிருக்கும். அறை கட்ட அந்த இடம்தான் தோதாக இருந்தது. மரத்தை வெட்டினார்கள், தொட்டியை உடைத்தார்கள், விலங்கு நல ஆலோசனை அறையைக் கட்டினார்கள். வழவழவென்று டைல்ஸ், ஏசி, சோபா, கார்டியன்கள் குடிக்கக் கேன் தண்ணீர். சுவரில் பச்சை மலைமேல் மணி கட்டிக்கொண்டு நிற்கும் வெளிநாட்டு மாட்டின் ஆளுயரப் படம். உள்ளூர் மாடுகள் வெளியே வெயிலில் நின்று கண்ணாடி வழியாக அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, கதவு வழியாக மாடு நுழையாது. காண்டிராக்டர் அதற்குமுன் திருப்பதியில் ஒரு பியூட்டி பார்லர் கட்டியிருந்தார். அதே பிளான், அதே கதவு.

"சார், மாடு உள்ளே வரலியே" என்றார் முரளிதரன்.

கிரண்குமார் கதவைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். "எவ்வளவு வருது?"

"கழுத்துவரைக்கும் வரும் சார்."

"காது எங்க இருக்கு?"

"தலையிலதான்."

"ஆலோசனை எதால கேப்பாங்க?"

"காதால…"

"அப்புறம் இன்னா சமஸ்ய? தலை வந்தா போதும். ஒடம்பு வெளியவே இருக்கட்டும்."

கண்ணாடிக் கதவைக் கழற்றிவிட்டுத் தடித்த ரப்பர் திரை மாட்டினார்கள். ஏசிக் காற்று வீணாகாமல் இருக்க, மாட்டுத் தலை நுழைகிற அளவுக்கு அதில் ஓட்டை போட்டார்கள். ரப்பர் உரசிக் கழுத்துப் புண்ணாகக் கூடாதென்று ஓட்டையைச் சுற்றிக் கம்பளித் துணி தைத்தார்கள். விலங்கு நலனுக்காக அந்த அறையில் உண்மையிலேயே செய்யப்பட்ட காரியம் அந்தக் கம்பளிதான். மனிதர்கள் திரையை ஒதுக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்துகொண்டார்கள்.

அதன்பிறகு ஆஸ்பத்திரி இரண்டாகப் பிரிந்தது. மாட்டின் முன்பகுதி நலத் திட்டத்தின் கீழ் வந்தது. பின்பகுதி பழையபடி வைத்தியத்தின் கீழ் இருந்தது. முதலில் ஆலோசனை, பிறகே வைத்தியம் என்பது சட்டம்.

முரளிதரன் இதையெல்லாம் ஏன் பொறுத்துக்கொண்டார் என்றால், அவருக்குத் திருப்பதிக்கு மாற்றல் வேண்டியிருந்தது. மனைவி ஸ்ரீதேவி அங்கே வாடகை வீட்டில் இருந்துகொண்டு மகனை அமெரிக்காவுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் சித்தூர் ஜில்லாவில் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். முரளிதரன் ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பையன் அவரிடம் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. போன தடவை "வாங்க" என்று சொன்னதோடு சரி. "மாதிரி மையம் நல்லா நடந்தா மாற்றல் என் பொறுப்பு" என்று கிரண்குமார் வாக்குக் கொடுத்திருந்தார்.

அப்படித்தான் மாம்பழக் காலத்தில், கிரண்குமார் போட்டோக்காரரோடு வந்து மாதிரி ஆலோசனை நடத்திக் காட்டும் நாள் வந்தது.

மாம்பழக் காலம் என்றால் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாம்பழக் கூழ் ஃபாக்டரிகள் ராப்பகலாக ஓடும். கூழ் டப்பாவில் அடைபட்டுக் கப்பலேறிப் போகும். தோலும் கொட்டையும் டிராக்டரேறி ஏரிக்கரைக்கு வரும். வெளிநாட்டுக்காரர் சாப்பிட்டது போக மிச்சம் நம் மாட்டுக்கு. இனிப்பாக இருக்கிறதே என்று வயிறு முட்டத் தின்னும் மாட்டுக்கு உள்ளே புளித்துப் பொங்கி, இடது விலாப்பக்கம் பானை கவிழ்த்த மாதிரி உப்பிவிடும். காற்றை இறக்கிவிடாவிட்டால் மூச்சடைத்துச் செத்துப்போகும்.

அன்று அறைக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சோபாவில் ரத்தினம்மா உட்கார்ந்திருந்தாள். மகன் நியூஜெர்சியில் வேலைக்குப் போன பிறகு அவள் வாங்கி வளர்க்கும் வெள்ளைப் பொமரேனியன் ஸ்வீட்டி அவள் மடியில் இருந்தது. கிரண்குமார் அதன் முன் மண்டியிட்டிருந்தார்.

"ஸ்வீட்டிக்கு மனசு சரியில்ல சார்" என்றாள் ரத்தினம்மா. "முன்னெல்லாம் எங்கூட டீவி சீரியல் பாக்கும். இப்ப மூஞ்சிய திருப்பிக்குது."

"தனிமை" என்றார் கிரண்குமார். போட்டோக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டு இன்னொரு தரம் சொன்னார். "தனிமை."

"என்ன தருவீங்க அதுக்கு?" என்று முரளிதரன் கேட்டார்.

"நெய் ஊத்தித் தயிர்சாதம். முறுக்கு. நைட்டு ஆர்லிக்ஸ்."

"நிறுத்துங்கம்மா. காலைல சாயந்தரம் நடக்க விடுங்க. சரியாயிடும்."

ரத்தினம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நடக்கவிடறதுக்கா நான் ஆட்டோ புடிச்சு வந்தேன்? எம் புள்ள போன்ல சொல்றான், அங்கல்லாம் நாய்க்குன்னு மனோதத்துவ டாக்டரே இருக்காராம். நீங்க இன்னான்னா…"

அப்போது வெளியிலிருந்து ஓலம் கேட்டது. "டாக்டரய்யா! டாக்டரய்யா!"

சென்னம்மாவும் அவள் புருஷன் நாகையாவும் கலப்பினப் பசு ஒன்றைத் தள்ளாத குறையாக நடத்திக்கொண்டு வந்தார்கள். கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம் இரண்டு வருஷமாக நிமிர்ந்து உட்கார்ந்தது அந்தப் பசுவின் பாலால்தான். அதன் இடது விலா எலும்பு தெரியாமல் உப்பி நின்றது. நாக்கு வெளியே தொங்கியது. கண் பிதுங்கியது.

முரளிதரன் ஓடிவந்து விலாவில் விரலால் சுண்டினார். மத்தளம் மாதிரி சத்தம் வந்தது.

"காத்தால ஏரிக்கர பக்கம் அவுத்துவுட்டேன் சார்" என்று சென்னம்மா அழுதாள். "தோலுன்னு தோலு, அவ்ளோ துன்னுட்ச்சு. நான் இன்னா பண்ணுவேன்!"

"திருமலை, குழாயூசி எடு!" என்று முரளிதரன் கத்தினார். குழாயூசி என்பது வயிற்றில் குத்திக் காற்றை இறக்கும் கருவி. அட்டெண்டர் திருமலை அசையவில்லை. அவன் கண்கள் முரளிதரனின் தோளுக்குப் பின்னால் பார்த்தன. அங்கே கிரண்குமார் நின்றிருந்தார்.

"ஆகண்டி, நில்லுங்க. ஆலோசனை இல்லாம வைத்தியமா?"

"சார், மாடு செத்துடும்."

"அதான் சொல்றேன். சாகிற நேரத்துலதான் கருணை ரொம்ப முக்கியம். தலையை உள்ள விடுங்க. கார்டியன் எங்க? ரண்டி அம்மா, உள்ள வாங்க."

நல்ல சந்தர்ப்பம் என்று போட்டோக்காரருக்கும் தோன்றிவிட்டது. பசுவின் தலையை ரப்பர் ஓட்டைக்குள் நுழைத்தார்கள். சென்னம்மாவை உள்ளே இழுத்துப் பசுவின் முகத்தருகே நிறுத்தினார்கள். ரத்தினம்மா நாயைத் தூக்கிக்கொண்டு சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்தாள்.

கிரண்குமார் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அம்மா, ஒவ்வொரு கிளையண்டுக்கும் சில சுதந்திரங்கள் உண்டு. மொதல்ல, பசியிலேர்ந்து சுதந்திரம். இதுக்குப் பசி இருக்குதா?"

"பசி இல்லாததுதான் சாமி வியாதியே!"

"மஞ்சிதி, நல்லது. அடுத்தது, பயத்திலேர்ந்து சுதந்திரம். யாரையாவது கண்டா பயப்படுதா?"

"எங்க மாமியாரயே முட்டித் தள்ளிச்சு சாமி. சீக்கிரம் எதனா பண்ணுங்க."

"அடுத்தது ரொம்ப முக்கியம். தன் இயற்கைப்படி நடந்துக்க அதுக்குச் சுதந்திரம் குடுத்தீங்களா?"

"குடுத்ததாலதான் சாமி இந்தக் கதி!"

திரைக்கு வெளியே ஒருவரும் இல்லை, நாகையாவும் முரளிதரனும் தவிர. திருமலையைக் காணோம். ஆனால் வாசல்படியில் குழாயூசி கிடந்தது. முரளிதரன் அதை எடுத்தார். மாட்டின் முன்பகுதி நலத் திட்டத்தில் இருக்கிறது, பின்பகுதி தன் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று சட்டப்படி யோசித்தார். "வாலைப் புடி நாகையா. வாயத் தெறக்காதே" என்றார்.

குத்தினார். உள்ளிருந்து காற்று சீறிக்கொண்டு வந்தது. ஃபாக்டரிப் பக்கத்து நாற்றமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்த நாற்றம். விலா மெல்ல மெல்ல இறங்கியது.

உள்ளே கிரண்குமார் பசுவின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். பசுவின் பிதுங்கிய கண் சுருங்கியது. தொங்கிய நாக்கு உள்ளே போனது. காது நிமிர்ந்தது.

"சூடண்டி! பாருங்க!" என்று கிரண்குமார் கூவினார். "பெருமூச்சு விடுது, கேட்டீங்களா? ரிலீஃப்! போட்டோ எடு!"

"அய்யய்யோ, என்னமோ நாறுதே" என்று ரத்தினம்மா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள்.

"அடக்கி வெச்ச துக்கம் வெளிய போகுதும்மா" என்றார் கிரண்குமார். சென்னம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். பளிச்சென்று விளக்கு மின்னியது.

மறுநாள் தெலுங்குப் பேப்பரில் படம் வந்தது. ஆலோசனையால் உப்புசம் நீங்கிய பசு. பக்கத்தில் கும்பிட்டபடி சென்னம்மா. அவளை 'மாதிரி கார்டியன்' என்று அறிவித்து ஒரு சால்வை போர்த்தினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் பசுவைப் பார்த்துப்போக வந்தார்கள். நாகையா உண்மையைப் பெண்டாட்டியிடம் சொல்லிப் பார்த்தான். சென்னம்மா யோசித்துவிட்டு, "குத்தினாரு, சரி. பேசினதாலதான் குத்து பலிச்சுது" என்று முடித்துவிட்டாள். அவனும் அதற்குமேல் பேசவில்லை. சால்வை வீட்டில் இருந்தது.

சில நாள் போயிருக்கும். அப்பாவு தன் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். கடலைக் காட்டுக்காரர், கோபக்காரர். மாட்டுக்கு அதே வயிறு, அதே தோல். முரளிதரன் குழாயூசியோடு கிட்டே போனதும் அப்பாவு குறுக்கே நின்றார்.

"இத்த எதுக்கு எடுத்துக்கினு வர்ற?"

"குத்தணும் அப்பாவு. காத்து இறங்கணும்."

"ஓகோ. சென்னம்மா மாடுன்னா ஏசியில வெச்சுப் பேசறது, என் மாடுன்னா ரோட்டுல வெச்சுக் குத்தறதா? நாங்க இன்னா எளப்பமா?"

"ஐயோ, அந்த மாட்டையும் குத்தித்தான்…"

"குத்தினதாலன்னு சொல்லாதீங்க சார்" என்று வேடிக்கை பார்க்க வந்திருந்த சென்னம்மா சொன்னாள். "நான் உள்ளதான இருந்தேன். பெரிய டாக்டரு பேசப் பேச எறங்கிச்சு."

மாட்டின் கால்கள் மடங்கத் தொடங்கின. வாதம் செய்ய நேரமில்லை. "சரி, தலையை உள்ள விடுங்க. அப்பாவு, நீங்களும் உள்ள போங்க. திருமலை, பேசு!" என்றார் முரளிதரன்.

"நானா? இன்னா சார் பேசறது?"

"எதனா பேசு!"

திருமலை உள்ளே போய் மாட்டிடம் மகள் கல்யாணம் தள்ளிப்போவதைப் பற்றிப் பேசினான். முரளிதரன் வெளியே குத்தினார். மாடு பிழைத்தது. "இதான் வைத்தியம்!" என்று அப்பாவு திருமலைக்கு ஒரு பை மாம்பழம் கொடுத்தார். முரளிதரனைப் பார்த்து, "உனக்கும் பேசக் கத்துக் குடுக்கச் சொல்லு" என்றார்.

அந்த மாம்பழக் காலம் முழுக்க ஆஸ்பத்திரி அப்படித்தான் நடந்தது. உள்ளே பேச்சு, வெளியே குத்து. திருமலையின் பேச்சு கைராசி என்று பேர் வாங்கியது. கயிறு கழுத்தை அறுக்கிறது என்று முரளிதரன் பழையபடி சொன்னால், "அதெல்லாம் உள்ள சொல்லுவாங்க சார்" என்று போய்விட்டார்கள்.

பிறகு இரண்டு உத்தரவுகள் ஒன்றாக வந்தன. ஆலோசனையாலேயே உப்புசம் நீங்குவது நிரூபணமாகிவிட்டபடியால், விலங்குக்கு வலி தரும் குழாயூசிகளை எல்லா மையங்களும் உடனே ஒப்படைக்க வேண்டும் என்றது முதலாவது. முரளிதரனைத் திருப்பதியில் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது இரண்டாவது. மாநிலத்துக் கால்நடை மருத்துவர்களுக்கெல்லாம் மாட்டிடம் பேசக் கற்றுக்கொடுப்பது வேலை.

முரளிதரன் பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போய் கிரண்குமார் முன் நின்றார். "சார், நீங்க பேசினதால இறங்கல. நான் வெளிய நின்னு குத்தினேன்."

கிரண்குமார் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டினார். காபி வரவழைத்தார். "குத்தினீங்களா?"

"குத்தினேன் சார்."

"நான் பேசினதுக்குப் போட்டோ இருக்கு. நீங்க குத்தினதுக்கு இருக்குதா?"

"நாகையா பாத்தான்."

"நாகையா பெண்டாட்டி நாங்க குடுத்த சால்வயப் போத்தி நிக்குது." கிரண்குமார் காபியை உறிஞ்சினார். "சூடண்டி முரளிதரன் காரு, ரிப்போர்ட் ஹைதராபாத் போயி, அங்கேர்ந்து வெளிநாடும் போயிடுச்சு. அங்க இருக்கிறவங்களே ஆச்சரியப்பட்டாங்க, நமக்கு இது தெரியாமப் போச்சேன்னு. நீங்க குத்தினேன்னு எழுதிக் குடுங்க, நான் கண்டிப்பா அனுப்பறேன். ஊசிங்கள்லாம் திரும்ப வரும். ஆனா உத்தரவ மீறி மாட்டக் குத்தினவரு மாட்டுகிட்ட பேசக் கத்துக் குடுக்க முடியாது பாருங்க. நீங்க அங்கியே இருக்க வேண்டியதுதான்."

அன்று ஸ்ரீதேவி புது வீட்டுக்கு அட்வான்ஸ் பேசிவிட்டதாகச் சொன்னாள். பையன் வெகுநாள் கழித்து அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டான்.

ஊருக்குத் திரும்பிப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது நாகையா வந்தான். வாசலில் நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"போறீங்களா சார்?"

"உத்தரவு வந்திருக்கு நாகையா."

"புது டாக்டரு வருவாரா?"

"வருவாரு. பயிற்சி முடிச்சிட்டுத்தான் வருவாரு."

"யாரு சார் பயிற்சி குடுக்கறது?"

முரளிதரன் பெட்டியைச் சுற்றிய கயிற்றை இறுக்கினார். ஃபாக்டரி டிராக்டர் ஒன்று தோலை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போனது. அதன் பின்னாலேயே, தலையை ஆட்டிக்கொண்டு, ஊர் மாடுகள் போயின. அவற்றில் சென்னம்மாவின் பசுவும் இருந்தது. அவள் ஆலோசனை அறை இருக்கிற தைரியத்தில் அதை அவிழ்த்துவிட்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன் சார், கோச்சுக்காதீங்க" என்றான் நாகையா. "உள்ள பேசறதுக்கு திருமலை இருக்கான், பெரிய டாக்டரு இருக்காரு, புது டாக்டரும் வந்துடுவாரு. எம் மாடு ஊதிக்கினு வந்து நின்னா, வெளிய யாரு சார் நிப்பாங்க?"

திங்கட்கிழமை காலையில் முரளிதரன் திருப்பதிக்குப் போய்ப் பயிற்சியாளர் வேலையில் சேர்ந்தார்.